ஞாயிற்றுக்கிழமை சூப்பும் வீட்டுப் பிரெட்டும்

நீங்கள் கேட்டிருப்பது இது: வாரத்தில் ஒருநாள் வீட்டிலேயே பிரெட் சுட்டு, கூடவே சூப்பும் வைத்துக் குடும்பத்தோடு சாப்பிட ஆசை. வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். "பேக்கரி தெருமுனையிலேயே இருக்கு, சாயங்காலமானா சூப் வண்டியும் வந்துடுது, எதுக்கு இந்தப் பாடு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையிலேயே இதில் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

இருக்கிறது. கோவையில் வீட்டு ஓவனில் பிரெட் சுடுவதும், கேட்கிறவர்களுக்குச் சொல்லித் தருவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதில் காசு பெரிதாக மிச்சமாகாது. மாவு, ஈஸ்ட், வெண்ணெய், கரண்ட் எல்லாவற்றையும் கூட்டினால் கடை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ருசி கூடும், அதுவும் கை பழகிய பிறகுதான். ஆனாலும் நான் விடாமல் செய்வதற்குக் காரணம் வேறு. பேக்கரிக்காரர் முகம் தெரியாத நூறு பேருக்குச் செய்கிறார். நீங்கள் ஐந்து பேருக்குச் செய்கிறீர்கள். அந்த ஐந்து பேரில் யாருக்குக் கடைவாய்ப்பல் இல்லை, யாருக்கு பிரஷர், யார் மிளகைப் பொறுக்கி ஓரம் வைப்பார், யார் பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் தின்பார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே சட்டியில் இருப்பதை ஐந்து பேருக்கும் ஐந்து விதமாகப் பரிமாற முடிகிற சாப்பாடு சூப்பும் பிரெட்டும்தான். பிரியாணியில் அது நடக்காது. அந்த ஆறுதல் சாப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, செய்கிறவருக்கும் உண்டு.

உங்கள் மாமியார் தட்டில் பிரெட்டைப் பார்த்ததும் "எனக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்கலாம். வருத்தப்படாதீர்கள். நம் வீடுகளுக்குள் இந்த இரண்டும் நோயாளி சாப்பாடாகத்தான் நுழைந்தன. காய்ச்சல் என்றால் பிரெட்டைப் பாலில் நனைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு பிரெட் பாக்கெட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கும். சளி கட்டினால் ஆட்டுக்கால் சூப், பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்தத் தயக்கமே கிடையாது. பிரெட்டைப் பாண் என்பார்கள்; அவர்களுக்குப் பாணும் சம்பலும், பாணும் சொதியும் அன்றாடச் சாப்பாடு. ரோஸ்ட் பாணைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டவர்களிடம் சூப்பும் பிரெட்டும் ஒரு சாப்பாடா என்று கேட்டால் சிரிப்பார்கள். கோவாவிலும் அப்படித்தான். போர்த்துகீசியர் காலத்தில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்துப் பாவ் சுட ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் காலையில் பாவ் இல்லாமல் அங்கே பொழுது விடியாது. நமக்கு அது நோயோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆனால் அதிலேயே ஒரு நல்லதும் இருக்கிறது: யாரோ நம்மைக் கவனித்துக்கொண்ட நாட்களின் ருசி அது. நோயை எடுத்துவிட்டுக் கவனிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சூப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

ஆட்டுக்கால் வாங்கும்போது கடையிலேயே தீயில் வாட்டி, சுரண்டி, துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்தூள் போட்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். குக்கரில் கால்களைப் போட்டு, தட்டிய இஞ்சி பூண்டு, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் மல்லித்தண்டு, நாலு கால்களுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். இரண்டு விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 40 நிமிடம். குக்கருக்குள் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை சூடு ஏறுவதால், திறந்த பாத்திரத்தில் நாலைந்து மணி நேரம் பிடிக்கிற வேலை இதில் முடிந்துவிடும். அந்தச் சூட்டில் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் இளகி ஜெலட்டினாக மாறி நீரில் கலக்கும். சூப்பைக் குடித்ததும் உதடு லேசாக ஒட்டுகிறதே, அது இதனால்தான். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும். அப்படி உறைந்தால் சரியாக வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

மிளகு சீரகத்தை வறுத்துக் கரகரப்பாகப் பொடித்து, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னால் போடுங்கள். முதலிலேயே போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் காரம் நிற்கும், வாசனை ஆவியோடு போய்விடும்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும், கால்சியம் ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள். கை கால் உடைந்தவர்களுக்கு இதைத் தேடித்தேடிக் கொடுப்பதும் அதனால்தான். ஆனால் எலும்பில் இருக்கும் கால்சியம் வெறும் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது. ஒரு கிண்ணம் எலும்புச் சூப்பில் இருப்பதைவிட ஒரு டம்ளர் பாலில் கால்சியம் பல மடங்கு அதிகம். ஜெலட்டினும் முழுமையான புரதம் அல்ல, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. அதனால் சூப்போடு முட்டையோ பருப்போ பாலோ சேர வேண்டும். இதைச் சொல்வது சூப்பைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. மருந்தென்று நம்பிக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான்.

சளிக்கு மட்டும் சூப்புக்குக் கொஞ்சம் சாட்சி உண்டு. 12ஆம் நூற்றாண்டிலேயே யூத மருத்துவர் மைமோனிடிஸ் கோழிச் சாற்றைச் சிபாரிசு செய்திருக்கிறார். 1978இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஒரு மருத்துவமனையில் ஆட்களுக்கு வெந்நீர், குளிர்ந்த நீர், கோழி சூப் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். வெந்நீரும் உதவியது, கோழி சூப்பும் உதவியது. அரை மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிட்டது. 2000இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ரெனார்ட் தன் மனைவியின் பாட்டி செய்முறைப்படி கோழி சூப் வைத்து, அதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். வீக்கத்தை உண்டாக்குகிற ஒருவகை வெள்ளணுக்களின் ஓட்டத்தை அந்தச் சூப் ஓரளவு மட்டுப்படுத்தியது. இது குடுவைக்குள் நடந்த சோதனை, மனித உடம்புக்குள் இதேதான் நடக்கிறது என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு நுரையீரல் மருத்துவர் வீட்டுப் பாட்டியின் சூப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரே, அது எனக்குப் பிடித்த விஷயம்.

அசைவம் இல்லாத வீடாக இருந்தால், அல்லது உங்கள் மாமியார் கிருத்திகை, அமாவாசை பார்க்கிறவராக இருந்தால், முருங்கைக்கீரை சூப். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யில் வதங்கியதும் தக்காளி, பிறகு வெந்த பருப்பு, தண்ணீர், கடைசியில் இரண்டு பிடி கீரை. கீரை போட்டபின் மூடாதீர்கள், ஐந்தாறு நிமிடம் போதும். தக்காளியைப் பருப்போடு சேர்த்து வேகவைக்க வேண்டாம், புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழைய நேரமெடுக்கும். நன்றாகப் பழுத்த தக்காளியில் ருசியைக் கூட்டுகிற குளூட்டமேட் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டுபிடித்துச் சொன்ன அதே சுவைதான். ஆகவே அஜினமோட்டோவும் வேண்டாம், சூப் கட்டியாக வர கார்ன்ஃப்ளவரும் வேண்டாம். பருப்பே கட்டியைக் கொடுக்கும். கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றிய ஹோட்டல் சூப் நாக்கில் வழவழப்பாக இருக்கும், வயிற்றில் ஒன்றும் நிற்காது.

உப்பு எப்போதும் கடைசியில். இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது. அது ஒரு டீஸ்பூன் அளவுதான், அதிலேயே குழம்பும் ஊறுகாயும் மோரும் அடக்கம். உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டால் பிரஷர் இருப்பவருக்கு எலுமிச்சையும் மிளகும் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். வீட்டில் ஒரு வயதாகாத குழந்தை இருந்தால் அதற்கும் உப்பில்லாத பருப்புச் சாறு இதிலிருந்தே கிடைக்கும். பாக்கெட் சூப்பில் இந்தப் பிரிவினைக்கு வழியே இல்லை, உப்பு தூளிலேயே கலந்திருக்கிறது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிற பெரியவர் இருந்தால், தண்ணியான சூப்பைவிடக் கட்டியான சூப்தான் பெரும்பாலும் பாதுகாப்பு. எவ்வளவு கட்டி என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பிரெட்.

ஓர் அளவு சொல்கிறேன், இதை வைத்துக்கொண்டு பிறகு உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மைதா 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 7 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெயோ வெண்ணெயோ இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் 270 முதல் 280 மில்லி. எட்டரைக்கு நாலரை அங்குல டின் ஒன்றுக்குச் சரியாக இருக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கப் கணக்கில் மாவை அளந்தால் அமுக்கி அளப்பதும் தளர அளப்பதும் ஒவ்வொரு முறையும் மாறும். பிரெட் கல் மாதிரி வந்தது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம்.

முழுக்க கோதுமை மாவில் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் முதல் வாரமே வேண்டாம். நம் சப்பாத்தி மாவு கல் சக்கியில் அரைபடும்போது ஸ்டார்ச் மணிகள் அதிகம் உடைகின்றன, அதனால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும். தவிடு வேறு, மாவுக்குள் உருவாகிற இழைகளை அறுத்துக்கொண்டே இருக்கும். பாதிக்குப் பாதியில் கை பழகிய பிறகு கோதுமையைக் கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டக் கூட்டத் தண்ணீரையும் கூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் சும்மா மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசையுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ள அந்த நேரத்தைக் கொடுத்தால் பிசைகிற வேலை பாதியாகும். பிசைவது சப்பாத்தி மாவு பிசைவது போல அல்ல. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் பிசுபிசுவென்று விரலிடுக்கெல்லாம் ஒட்டும். "மாவு பத்தலையோ" என்று கை தானாக டப்பாவுக்குப் போகும், போகவிடாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒட்டுவது குறையும். பத்தாவது நிமிடத்தில் மாவு மேடையைவிட்டுத் தானே எழுந்து வரும், தொட்டால் காதுமடலைத் தொட்ட மாதிரி இருக்கும். ஒரு சின்ன உருண்டையைப் பிய்த்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரிந்தால் போதும். கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் வலையாகிவிட்டது, ஈஸ்ட் விடுகிற காற்றை அது இனிமேல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிசைகிற வேலையைக் கணவருக்குக் கொடுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சூப்பும் பிரெட்டும் உங்கள் தலையில் ஏறிய இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டால் அதில் இருக்கிற ஆறுதல் எல்லாம் போய்விடும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைய அவருக்குத் தோள் இருக்கிறது. மாவு உப்பியதா என்று விரலால் குத்திப் பார்ப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. பூண்டு உரிப்பது மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியது, செய்யவும் விரும்புவார். நான் பார்த்த வீடுகளில் இந்தப் பழக்கம் நிலைத்தது இப்படி வேலை பிரிந்த வீடுகளில்தான். ஒரே ஆள் சுமந்த வீடுகளில் ஓவன் இரண்டு மாதத்தில் பரணுக்கு ஏறிவிட்டது.

பிசையத் தெம்பே இல்லாத வாரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. நியூயார்க்கில் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹியின் பிசையாத பிரெட் 2006இல் பத்திரிகையில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. கால் டீஸ்பூன் ஈஸ்ட் மட்டும் போட்டு, தளர்வாகக் கலந்து, 12 முதல் 18 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, மூடியுள்ள கனமான பாத்திரத்தில் சுடுவது. நேரமே பிசைகிற வேலையைச் செய்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் ஊர்க் குளிருக்கு. நம் ஊர்ச் சூட்டில் 18 மணி நேரம் வெளியே வைத்தால் மாவு புளித்துத் தண்ணீர்விட்டுப்போகும். ஏழெட்டு மணி நேரம் போதும், அல்லது இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மாவு உப்புவதற்கு நேரக்கணக்கு சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். இட்லி மாவுக்கு நாம் கடிகாரம் பார்ப்பதில்லையே. சித்திரையில் அடுப்படி 33, 34 டிகிரியில் இருக்கும்போது முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். மார்கழியில் கோவையில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். வெயில் காலத்தில் பானைத் தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள், ஈஸ்டையும் 3 கிராமாகக் குறையுங்கள். வெந்நீர் ஊற்றவே வேண்டாம், 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துப்போகும். விரலை உலர்ந்த மாவில் தோய்த்து, உப்பிய மாவில் மெல்லக் குத்துங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல, பாதி மட்டும் மேலே வந்தால் தயார். அமுங்கியது அப்படியே நின்றுவிட்டால் கொஞ்சம் கடந்துவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். மாவை ஃபிரிட்ஜில் தள்ளுங்கள், கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் உள்ளே குளிர் நிற்கும், ஈஸ்டின் வேகம் குறையும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உப்பிய மாவை அமுக்கிக் காற்றை எடுத்து, சுருட்டி டின்னில் வைத்து, விளிம்புக்கு மேல் ஒரு விரல்கடை எழும்பியதும், முன்னமே சூடேற்றிய ஓவனில் 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து அடியைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டிய சத்தம் வர வேண்டும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான பழைய பாத்திரத்துக்குள் ஒரு ஸ்டாண்டை வைத்து, அதன்மேல் டின்னை வைத்து மூடி, மிதமான தீயில் சுடலாம். மேல்பக்கம் மட்டும் வெளுப்பாக இருக்கும், தோசைக்கல்லில் ஒருமுறை கவிழ்த்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஈஸ்டே வேண்டாம் என்றாலும் பிரெட் உண்டு. அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சோடா பிரெட் செய்கிறார்கள். மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர் நாலும் போதும். புளிப்பும் சோடாவும் சேர்ந்து காற்றை உண்டாக்கும், அதனால் கலந்த கையோடு சுட வேண்டும். நம் வீட்டில் புளித்த மோருக்குப் பஞ்சமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நினைத்தால் ஏழுக்குள் தட்டில் இருக்கும், பருப்புச் சூப்புக்கு நல்ல ஜோடி.

ஓவனில் வைத்து இருபது நிமிடத்தில் வாசனை வீடு முழுக்கப் பரவும், அவரவர் அறையில் ஃபோனோடு இருப்பவர்கள் தானாக அடுப்படிப் பக்கம் வருவார்கள். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை அது. மாவில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து மேல்தோலைச் சிவக்க வைத்து, நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களை உண்டாக்குகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று 2-அசிடைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசி கொதிக்கும்போது வருகிற மணமும், இலங்கைச் சமையலில் போடுகிற ரம்பை இலையின் மணமும் இதே பொருளால்தான். பிரெட் வாசனை நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். சோற்று மணத்தில் பிறந்து வளர்ந்த மூக்கு நம்முடையது.

வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. உள்ளே ஸ்டார்ச் கெட்டிப்பட ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். முன்னாடியே கத்தி வைத்தால் உள்பக்கம் களி மாதிரி ஒட்டும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய தண்டனை. அதற்காகவே நான் மாவில் கொஞ்சம் பிரித்து நாலு சின்னப் பன்னாக உருட்டி வைத்துவிடுவேன். அவை 15 நிமிடத்தில் வெந்துவிடும், கொஞ்சம் ஆறியதுமே பிய்த்துத் தின்னலாம். வெண்ணெய் தடவி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டால் பெரிய பிரெட் நிம்மதியாக ஆறும்.

கடைப் பிரெட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2016இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த நகரத்துக் கடைகளில் வாங்கிய பிரெட், பன் வகைகளைச் சோதித்துப் பெரும்பாலானவற்றில், மாவு நன்றாக உப்பச் சேர்க்கிற பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடுகிற கால்சியம் புரோப்பியனேட் அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆகவே கடைப் பிரெட் விஷம் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள், வேலைநாளில் நானும் வாங்குகிறேன். வீட்டுப் பிரெட்டில் என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும், அவ்வளவுதான். 7 கிராம் உப்புப் போட்டு 14 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு அரை கிராம் என்று மாமியாரின் கணக்கை விரல்விட்டுச் சொல்ல முடிகிறது.

பரிமாறும்போது ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி வைக்காதீர்கள், இந்தச் சாப்பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாமியாருக்கு ஓரம் நீக்கிய துண்டு. அவர் அதைக் கிண்ணத்தில் முக்கிவிட்டு ஸ்பூனால் எடுக்க மாட்டார், விரலாலேயே எடுத்துச் சாப்பிடுவார், சோற்றில் பால் விட்டுப் பிசைந்த மாதிரி. நீக்கிய ஓரமெல்லாம் என் மகளுக்கு, அவளுக்கு மொறுமொறுவென்று இருப்பதுதான் வேண்டும். கணவருக்கு மேலே இன்னொரு சிட்டிகை மிளகு. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காமல் எல்லோருக்கும் வேண்டியது ஒரே சட்டியிலிருந்தும் ஒரே பிரெட்டிலிருந்தும் கிடைக்கிறது.

ஞாயிறுக்கான வரிசை இது: மூன்று மணிக்கு மாவு கலந்து பிசைந்து மூடிவிடுங்கள். நாலரைக்கு டின்னில் வையுங்கள், அந்த நேரத்திலேயே குக்கரை அடுப்பில் ஏற்றுங்கள். ஐந்தேகாலுக்கு ஓவன். ஆறு மணிக்கு பிரெட் வெளியே வந்து ஆற ஆரம்பிக்கும், ஏழுக்குச் சாப்பாடு. நாலு மணி நேரம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். கையால் செய்கிற வேலை மொத்தமும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் தாண்டாது, மற்றதெல்லாம் மாவும் குக்கரும் தாமே செய்துகொள்கின்றன. அந்த இடைவெளியில் துணி மடிக்கலாம், பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்க்கலாம், சும்மாவும் உட்காரலாம். வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் இது கேட்கிற ஒரே விலை. முதல் இரண்டு வாரம் சூப் மட்டும் வையுங்கள், பிரெட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் சோடா பிரெட், அதற்கப்புறம் ஈஸ்ட். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

மிச்சமான பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பிரெட் விறைப்பது காய்ந்துபோவதால் மட்டும் அல்ல. ஈரம் போகாமல் வைத்தாலும் விறைக்கும் என்பதை பூசாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852இலேயே காட்டிவிட்டார். வெந்து இளகிய ஸ்டார்ச் மறுபடி அடுக்குகளாக இறுகுவதுதான் காரணம், அந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டியதைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். மற்றதைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் போட்டால் புதிது போல வந்துவிடும். விறைத்துப்போன நுனித்துண்டுகள் இருந்தால் திங்கட்கிழமை இரவு, மிஞ்சிய சூப்பில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, பிய்த்துப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் பழைய பிரெட்டையும் மொச்சை போன்ற பயறையும் கீரையையும் போட்டு இப்படித்தான் மறுநாள் சூப் செய்கிறார்கள். நம் வீட்டுக்கு மேலே நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சரியாக இருக்கும்.